கமலா ஆயிடுச்சு

"எங்க அண்ணன் பையனுக்குப் பொண்ணு பாத்தோமே, அதுவும் கடைசி நேரத்துல கமலா ஆயிடுச்சுடி."

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். சொன்னவள் மடியில் பட்டு நூல் பை. ஜன்னலோரம் இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"இன்னுமாடி அத சொல்லிக்கினு இருக்கற?"

"நான் மட்டுமா? தறியில கடைசி முழத்துல இழை அறுந்தா எங்க வூட்டுக்காரரே 'கமலா'ன்னுதான் கத்துறாரு. அவ யாருன்னே அவருக்குத் தெரியாது."

"நம்ம ஸ்கூல் பாஸ்கெட்பால் டீமுல அவ போடற பந்து மட்டும் வளையத்து மேலயே சுத்தும், சுத்தும். நம்ம எல்லாம் மூச்சப் புடிச்சிக்கினு நிப்போம். அப்புறம் வெளிய விழும்."

"விழுந்த ஒடனே அவதான் மொதல்ல சிரிப்பா."

"அவ கல்யாணம் ஆயி போனதுக்கு அப்புறம் பேசினியா?" என்றாள் ஜன்னலோரக்காரி.

"எங்க? நம்பர் மட்டும் இருக்குது. தெனமும் அவ பேர சொல்றேன், அவகிட்ட ஒரு வார்த்த பேசல."

"இப்ப போடு."

"இத்தினி வருசம் கழிச்சு என்னான்னு பேசறது?"

"போடுடி."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. இரண்டு தலைகளும் போனுக்கு மேல் குனிந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்து, நின்றது.

இந்தத் தடவை 'கமலா ஆயிடுச்சு' என்று இருவருமே சொல்லவில்லை. நூல் பைக்காரி மறுபடியும் அழுத்தினாள்.

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.