மூன்று மணி நேரம் மட்டுமே ஓடிய டிஸ்க்

பழைய ஹார்ட் டிஸ்க்கை யாரும் அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கீழே விழாமல், தண்ணீர் படாமல் இருந்தால் பத்து வருடம் உழைத்த டிஸ்க் கூட இன்னொரு கம்ப்யூட்டரில் நிம்மதியாக ஓடும். நிதானம் வேண்டும், அவ்வளவுதான். மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு, உடம்பில் இருக்கும் மின்னேற்றத்தை இறக்கிவிட வேண்டும். புது டிஸ்க்குக்குப் பக்கத்தில் பழையதை இரண்டாவதாகப் பொருத்த வேண்டும். கம்ப்யூட்டர் எப்போதும் புதியதிலிருந்துதான் எழ வேண்டும். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே இருப்பதையெல்லாம் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அழிப்பதும் மறுபடி பயன்படுத்துவதும் அதற்கப்புறம்தான். ஃபார்மட் செய்யட்டுமா என்று திரையில் கேட்கும். அவசரக்காரர்கள் சரி என்று அமுக்கிவிட்டு என்னிடம் ஓடி வருவார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று தோன்றலாம், சார். "ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க. போலீஸுக்குப் போறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கறேன்" என்று நேற்று என் மேஜையைத் தட்டிச் சொன்னீர்கள். ஒன்று விடாமல் எழுதுவதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் அக்காவின் டிஸ்க்குக்கு நான் இவை எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மதியம், நூலகத்தில் தன் வேலை முடிந்ததும் நேராக வந்தார். என் அறை கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. முப்பத்தாறு படிகள். லிஃப்ட் கிடையாது என்பது, லிஃப்ட் பரிசோதகரான உங்கள் கண்ணில் முதலிலேயே பட்டிருக்கும். வந்தவர் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினார். பிறகு கைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய டிஸ்க்கை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல மேஜையில் வைத்தார்.

"பழைய கம்ப்யூட்டர் உசிர விட்டுடுச்சு தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் இத மட்டும் கழட்டிக் குடுத்தார். கூடப்பொறந்தவன் புதுசு ஒண்ணு அனுப்பியிருக்கான். இத அதுல போட முடியுமா?"

"போடலாம் மேடம். இதுல என்ன இருக்கு?"

"என் பொண்ணு இருக்கா."

அப்புறம் சொன்னார். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று மகள் சொல்ல, இருவருக்கும் வாய் முற்றிவிட்டது. "போனா திரும்பி வராத" என்று இவர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அந்தப் பெண் அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது சிக்னலில் லாரி. எட்டு மாதம் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர், ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பொத்தானை அமுக்கினால் அது எழவில்லை.

"கோவமாத்தான் போனாளான்னு மட்டும் தெரியணும் தம்பி. கடைசியா என்ன எழுதினான்னு பாத்துக் குடுங்க. எனக்கு அது போதும்."

அவர் படி இறங்கி முடிப்பதற்குள் நான் டிஸ்க்கை மாட்டிவிட்டேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தானே எண்ணி வைத்துக்கொள்ளும். வந்தவுடன் அந்த எண்ணைப் பார்த்து, ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி ஒட்டுவது என் வழக்கம். 9,412 என்று எழுதினேன். கெட்டுப்போன இடம் ஒன்றுகூட இல்லை. பழைய கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் புகைந்து போயிருந்தது. டிஸ்க் குத்துக்கல் மாதிரி இருந்தது. நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன்.

நூற்றுச் சொச்சம் படங்கள். பார்வையில்லாத மாணவர்களுக்காக உங்கள் அக்கா மகள் பாடங்களை வாசித்துப் பதிவு செய்த முப்பத்தெட்டு ஒலிக்கோப்புகள். பிறகு, அந்தக் காலையில் தட்டிய ஒரு கடிதம். 'அம்மாவுக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டு பக்கம். அவள் கோபமாகப் போகவில்லை. அதை முதல் வரியிலேயே எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை உங்கள் அக்கா வந்தபோது கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். அச்செடுத்து உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்ததும் கையிலிருந்த டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளி, "சாப்டீங்களா தம்பி? முகம் வாடியிருக்கே" என்றார். இந்த அறைக்கு வருகிறவர்கள் பத்தொன்பது வருடமாக என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி 'முடிஞ்சுதா' என்பதுதான். நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வீட்டிலும் ஆள் இல்லை. கடிதம் நாக்கு நுனி வரை வந்தது. வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

"டிஸ்க் ரொம்ப பலவீனமா இருக்கு மேடம். ஒரே மூச்சுல எடுத்தா மொத்தமாப் போயிடும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும்."

"எத்தன நாளானாலும் பரவால்ல தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினான்கு மாதம் வந்தார். நூலகத்துக் கணக்கெடுப்பு, உங்கள் வீட்டு விசேஷம், ஒருமுறை காய்ச்சல் தவிர எல்லாச் சனிக்கிழமையும். மொத்தம் ஐம்பத்தேழு. முதலில் படங்களைக் கொடுத்தேன், வாரத்துக்கு ஐந்தாறு. அப்புறம் குரல். மகளுடைய குரலை முதலில் கேட்ட அன்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எரிமலைப் பாறைகள் எப்படி உருவாகின்றன என்ற பாடம் அது. நடுவில் அந்தப் பெண் தும்மிவிட்டு, "ஐயோ, இத வெட்டணும்" என்று சிரித்தாள். உங்கள் அக்கா அந்த இடத்தை ஏழு முறை போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்படிச் சிரிக்கக்கூடியவர் என்று உங்களுக்குத் தெரியுமா, சார்?

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது. சனிக்கிழமையென்றால் முகம் மழித்துக்கொள்வேன், மேஜையைத் துடைப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார், நானும் மரியாதை தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாடங்கள் தீர்ந்துகொண்டே வந்தபோது ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினேன். பாதி இந்த வாரம், மீதி அடுத்த வாரம். மருந்தைக்கூட நாம் ஒரே வேளையில் பாட்டிலோடு குடிக்கக் கொடுப்பதில்லையே. கடிதத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அதைப் படித்துவிட்டால் அழுவார், நன்றி சொல்வார், படி இறங்குவார். அப்புறம் எனக்குத் திங்களும் ஒன்றுதான், சனியும் ஒன்றுதான்.

அவருடைய இதய வால்வு பற்றி எனக்கு முதலிலேயே தெரியும். படி ஏறுவது கூடாது என்று டாக்டர் சொன்னதையும் அவரே சொன்னார். "நீங்க வீட்டுக்கு வந்து அந்தப் புதுக் கம்ப்யூட்டர்லயே இத மாட்டிக் குடுக்க முடியாதா?" என்று ஒருமுறை கேட்டார். இந்த நிலையில் டிஸ்க்கை இடம் மாற்றினால் ஆபத்து என்றேன். உடனே ஒப்புக்கொண்டார். என்னை அவ்வளவு நம்பினார்.

அறுவை சிகிச்சைக்கு உங்கள் ஊரில் நீங்கள் மூன்று முறை நாள் குறித்தீர்கள். மூன்று முறையும் அவர் தள்ளிப்போட்டதற்கு நூலகத்தில் லீவு கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொன்னாராம். அது பொய். உண்மைக் காரணத்தை என்னிடம்தான் சொன்னார்.

"மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சா எழுந்திரிப்பேனோ மாட்டேனோ. அதுக்கு முன்னாடி அவ என்ன எழுதினான்னு பாத்துடணும் தம்பி. தெரியாம நான் போகக் கூடாது."

"கிட்ட வந்தாச்சு மேடம். அடுத்த வாரம் கட்டாயம் கிடைச்சிடும்."

மூன்று முறையும் இதையே சொன்னேன். அறுவை சிகிச்சைக்குப் போனால் தேறி வர ஆறு மாதம், அதுவும் உங்கள் வீட்டில். நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கடைசிச் சனிக்கிழமை அவர் படி ஏறுவது கேட்டது. காலடிச் சத்தத்தை வைத்தே எத்தனையாவது படி என்று சொல்லிவிடுவேன். இருபத்து நான்காவது படியில் நின்றது. வழக்கமாக நிற்கும் இடம்தான். அவர் மூச்சு வாங்குவதை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் நான் எட்டிப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் போட்டு, அன்றைய பாதிப் பாடத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் கடைக்காரர் கத்தியபோதுதான் எழுந்து போனேன். கைப்பையை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தார். கடிதம் பதினான்கு மாதமாக இருந்த அதே இழுப்பறையில், பன்னிரண்டு படி மேலே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நீங்கள் வந்து டிஸ்க்கைக் கேட்டீர்கள். அரை நாள் கழித்து வாருங்கள் என்றேன். அந்த நேரத்தில் அதை முழுக்க அழித்தேன். மேலோட்டமான ஃபார்மட் இல்லை, ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் எழுதி அழிப்பது. அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது, டிஸ்க்கை வேண்டுமானால் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன். ஒரு சுத்தியல் அடி அடித்திருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. நல்ல டிஸ்க்கை உடைக்க எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் அதைக் கொண்டுபோய் அக்காவின் புதுக் கம்ப்யூட்டரிலேயே மாட்டி, நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறீர்கள். ஓடிய நேரம் 9,415 என்று காட்டியது. ஸ்டிக்கரில் என் கையெழுத்தில் 9,412.

"நான் மீட்டர் பாத்துப் பொழைக்கறவன். அம்பத்தேழு வாரம் முக்கி முக்கி எடுத்தேன்னீங்களே, மொத்தமே மூணு மணி நேரம்தான் ஓடியிருக்கு" என்று நேற்று கேட்டீர்கள். பதில் இதுதான்: ஆமாம். டிஸ்க் ஒருநாளும் பலவீனமாக இருந்ததில்லை. முதல் நாளே எல்லாம் என் கையில் இருந்தது. உங்கள் அக்காவைப் பதினான்கு மாதம் அந்தப் படிகளில் ஏற்றி இறக்கியது நான்தான். மகள் கோபத்தோடு போனாள் என்ற நினைப்போடு அவரைச் சாகவிட்டதும் நான்தான். அவர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று என்னைப் போல் நினைத்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் என் நகலில் பத்திரமாக இருக்கிறது. பழைய உறையை நேற்று உங்கள் கண்ணில் படாமல் கிழித்துவிட்டேன், அதனால் புதிதாக அச்செடுத்தேன். முதல் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதன் கடைசி வரி பாதியில் நிற்கும்: "மாமாகிட்ட ஒரு விஷயத்த இத்தன நாளா மறைச்சுட்டேம்மா, அத நீயே அவர்கிட்ட சொல்லிடு, அது என்னன்னா". பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதால் இரண்டாவது பக்கம் சரியாக விழவில்லை. இதற்காக வேலை நாளில் விடுப்புப் போட்டு அலைய வேண்டாம். சனிக்கிழமை மதியம் நிதானமாக வாருங்கள், சார். ஒரே வாரத்தில் முழுதும் கிடைத்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.