ரெண்டு ரெண்டா விழுந்த எழுத்து

மச்சான்: மாமா, அக்கா நெத்தி மேல கால்குலேட்டர் உக்காந்திருக்கு.

மாமா: எங்கே?

மச்சான்: இதோ பாருங்க. நெத்தில கால்குலேட்டர், மூக்கு மேல அலாரம். அக்கா கண்ணுல பட்டா போன் இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க.

மாமா: டேய், நான் போன் ஸ்கிரீன்ல உன் அக்கா போட்டோவை வெச்சேன், அவ்வளவுதான். மத்ததெல்லாம் தானா போய் ஏறி உக்காந்துக்குது. நகர்த்து, நகர்த்து... வேணும்னா வாய் மேல ஏதாவது வை.

மச்சான்: வாய் மேலயா?

மாமா: போன்லயாவது கொஞ்ச நேரம் மூடியிருக்கட்டும்.

மச்சான்: நான் அவளோட கூடப்பிறந்த தம்பி மாமா. பக்கத்துலதான் நிக்கறேன்.

மாமா: நிக்கறவன் சும்மா நிக்காதே. அந்த நாற்காலிக்குக் கீழ முடி கிடக்கு பாரு, கூட்டித் தள்ளு.

மச்சான்: கூட்டறேன், கூட்டறேன். முதல்ல உங்க ரிங்டோனை மாத்துங்க.

மாமா: அதுக்கு என்ன குறைச்சல்? என் கத்திரிச் சத்தம்டா. நானே வெட்டி, நானே பிடிச்சது.

மச்சான்: அதான் குறைச்சல். சலூன்ல நாள் பூரா கத்திரி சத்தம் போட்டுட்டேதான் இருக்கு. அதுல எது கத்திரி, எது போன்? நேத்து அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சு போயி, கடைசில எனக்குப் போன் பண்ணி என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினா.

மாமா: ஓ... அப்ப இந்த ரிங்டோன் இருக்கட்டும்.

மச்சான்: மாமா!

மாமா: சும்மா சொன்னேன்டா. ஆனா ஒண்ணு ஒத்துக்கோ. புது போன் புது போன்தான். பழசு மாதிரியா? அதுல ஒரு எழுத்தைத் தொட்டா ரெண்டு ரெண்டா விழும். இதுல பாரு, தொட்டா ஒண்ணுதான். முத்து முத்தா விழுது.

மச்சான்: ம்... நல்ல போன்தான்.

மாமா: என்னடா சுரத்தே இல்லாம சொல்ற? பழசை உன் தலைல கட்டிட்டேன்னு கோவமா?

மச்சான்: கோவம்லாம் இல்ல. கொண்டாங்க, அந்த ரிங்டோனை மாத்தித் தரேன்.

மாமா: இரு, யாரோ மெசேஜ் போட்டிருக்காங்க. டிரில் வாத்தியார்! 'கிளம்பிட்டேன், நாற்காலியைக் காலி பண்ணி வைங்க'ன்னு போட்டிருக்கார்.

மச்சான்: முடி வெட்டவா?

மாமா: ஷேவிங். நான்தான் வரச் சொன்னேன்.

மச்சான்: சரி, நான் பண்ணிடறேன்.

மாமா: நீ எதுக்கு? அவருக்கு எப்பவும் நான்தானே. சோப்பு நுரை மோவாய்ல பட்டதும் குறட்டை விடற மனுஷன். என் கையை நம்பித்தானே தூங்கறார்?

மச்சான்: ரெண்டு மாசமா யார் ஷேவிங்னு வந்தாலும் கழுத்து வலின்னு நீங்க என் பக்கம்தானே தள்ளி விட்டீங்க? இன்னிக்கு மட்டும் என்ன?

மாமா: கழுத்து சரியாயிடுச்சு.

மச்சான்: எப்ப?

மாமா: இந்த வாரம்தான். நீ என்ன டாக்டரா? கேள்வி மேல கேள்வி கேக்கற? கத்தியை எடுத்துக் கழுவி வை. அதுக்குள்ள நான் இந்த செட்டிங்ஸை ஒரு சுத்து சுத்திட்டு வரேன்.

மச்சான்: செட்டிங்ஸா? இப்ப எதுக்கு அதெல்லாம்? குடுங்க என்கிட்ட.

மாமா: ஏன்டா பிடுங்கற? எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கிக்கறேன். வாத்தியார் மெசேஜ் எல்லாம் எறும்பு போற மாதிரி இருக்கு.

மச்சான்: நான் பெருசாக்கித் தரேன் மாமா.

மாமா: நானே கத்துக்கறேன்டா. இது என்ன... 'ஒரே இடத்தில் அடுத்தடுத்துத் தொடுவதைப் புறக்கணி'... இது ஆன்ல இருக்கே? யார் போட்டது?

மச்சான்: அது... கம்பெனிலேர்ந்தே அப்படித்தான் வரும்.

மாமா: எனக்கு எதுக்கு இது? ஆஃப் பண்ணிடுவோம்.

மச்சான்: மாமா, வேண்டாம்! அதைத் தொடாதீங்க!

மாமா: ஏன்டா கத்தற? ஆஃப் பண்ணா போன் வெடிச்சிடுமா? இதோ பண்ணிட்டேன். ஒண்ணும் ஆகல பாரு. இரு, வாத்தியாருக்கு பதில் போட்டுட்டு வரேன். வாங்க சார்னு... இது என்ன...

மச்சான்: மாமா...

மாமா: இருடா. அழிச்சுட்டு அடிக்கறேன். 'வவாங்ங்கக சாசார்ர்'... திரும்பவும்...

மச்சான்: மாமா, போனைக் கீழ வைங்க.

மாமா: இந்தா, வெச்சுட்டேன்.

மச்சான்: உக்காருங்க. அந்த நாற்காலிலயே உக்காருங்க.

மாமா: இதை ஆன் பண்ணது நீதானே?

மச்சான்: ஆமா. போன் வந்த அன்னிக்கு நம்பரெல்லாம் ஏத்தித் தரேன்னு வாங்கினேனே, அப்ப.

மாமா: பாவி... இந்த வாரம் பூரா எழுத்து ஒழுங்கா விழுதேன்னு எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? கை நடுக்கம் சரியாயிடுச்சுன்னு நம்பிட்டேன்டா. அந்த தைரியத்துலதான் வாத்தியாரை வரச் சொன்னேன்.

மச்சான்: ஐயோ... நான் அப்படி யோசிக்கவே இல்ல மாமா. கஷ்டப்படாம அடிப்பீங்களேன்னுதான் பண்ணேன்.

மாமா: தூங்கற மனுஷன் தொண்டைல கத்தி வெச்சிருப்பேன்டா நான்.

மச்சான்: வெக்கல இல்ல? விடுங்க.

மாமா: கொஞ்சம் தண்ணி குடுடா.

மச்சான்: இந்தாங்க, குடிங்க. பாதிதான் ஊத்தியிருக்கேன், சிந்தாது.

மாமா: பாதியா... இரு. உன் அக்காவும் இப்பல்லாம் டீயை அரை டம்ளர்தான் குடுக்கறா. கேட்டா, ஆறிடும், இன்னொரு தடவை சூடா தரேங்கறா. அப்ப அவளுக்கும்...

மச்சான்: நீங்க என்ன நினைச்சீங்க?

மாமா: கஞ்சத்தனம்னு நினைச்சேன். உங்க குடும்பத்துக்கே உள்ளதுதானேன்னு விட்டுட்டேன்.

மச்சான்: இந்த நேரத்துலயும் எங்க குடும்பத்தை இழுக்கணுமா?

மாமா: பயமா இருக்குடா மச்சான். இந்தக் கையை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?

மச்சான்: வாய் இருக்கே. கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் உங்க வாய்க்குத்தான் வர்றாங்க. முடி சும்மா ஒரு சாக்கு.

மாமா: கிண்டல் பண்ணாதே.

மச்சான்: பண்ணல. நாளைக்குக் காலைல கடை திறக்க வேண்டாம். மூணு பேரும் டாக்டர்கிட்ட போறோம். அது என்னன்னு அவர் சொல்லட்டும். நம்மளா எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

மாமா: மூணு பேருமா? உன் அக்கா வந்தா டாக்டரைப் பேச விட மாட்டாளே.

மச்சான்: அது அவர் பாடு.

மாமா: வாத்தியாருக்கு என்ன சொல்றது?

மச்சான்: நீங்க நுரை போடுங்க. அவர் குறட்டை விட்டதும் கத்தியை நான் வாங்கிக்கறேன். தெரியவே தெரியாது.

மாமா: சேச்சே. முழிச்சிருக்கும்போதே சொல்லிடறேன். இத்தனை நாள் கண்ணை மூடிட்டுக் கழுத்தை நீட்டின மனுஷன். அவரை ஏமாத்தக் கூடாது.

மச்சான்: சரி மாமா. சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்.

மாமா: நில்லு... ஆமா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது? உன் அக்கா சொன்னாளா?

மச்சான்: அவ மூச்சே விடல. நீங்க பழைய போனை எனக்குக் குடுத்தீங்களே, அப்பதான். டச் போயிடுச்சு, ரெண்டு ரெண்டா விழுதுன்னு சொன்னீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அடிச்சு அடிச்சுப் பாத்தேன். ஒரு எழுத்துகூட ரெண்டா விழல. அந்தப் போன்ல ஒரு கோளாறும் இல்ல மாமா.

மாமா: தெரியும்டா. அதனாலதானே அதைப் போன் கடைல வித்துடாம உன் கைல குடுத்தேன்... வாயால சொல்ல வரல.