ஏழு ஆண்டுக்குப் பின்னும் நாங்கள் வைத்திருந்த பெயர்கள்

ஆவண அறைப் பொறுப்பாளராக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் அக்காவுக்கு, கடன் பிரிவு ஊழியர்கள் பதினான்கு பேர் வாசித்தளிக்கும் மடல்

கோப்புகளின் காவலரே, காலக்கெடுவின் கண்காணிப்பாளரே, கேட்ட காகிதத்தைக் கேட்ட கணத்தில் எடுத்துத் தந்த கைகளுக்கு உரியவரே, எங்கள் அவசரத்தையும் அலட்சியத்தையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்ட பெருந்தகையே, மேலாளர் முதல் வாயிற்காவலர் வரை அத்தனை பேரும் அக்கா என்று அழைக்கும் அன்புக்குரியவரே, வணக்கம்.

இந்த வரிகளில் ஒன்றும் மிகையில்லை. ஆனால் இவற்றை உங்கள் முகத்தைப் பார்த்து வாசிக்கும் தகுதி எங்களுக்கு உண்டா என்பது வேறு விஷயம். அதை இந்த மடல் முடிவதற்குள் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். உங்கள் கணவரும் மகளும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதிலும் இது விழ வேண்டும் என்றே இன்று வரை காத்திருந்தோம்.

முதலில் உங்கள் பணியைப் பற்றி. கடன் வாங்கியவர் தொழில் நொடித்து, நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்து, பிறகு ஒரு நாள் அந்தக் கட்டிலிருந்து விடுவித்தும் விடுகிறது. அந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் அவருடைய கோப்பு நம் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது நம் நிறுவனத்தின் விதி. தணிக்கையாளர் கேட்கலாம். ஜாமீன் போட்டவர் வழக்குத் தொடுக்கலாம். நீதிமன்றமே திரும்ப அழைக்கலாம். அதற்காகத்தான் ஏழு ஆண்டுகள். அதன் பிறகு கோப்பு அழிக்கப்பட வேண்டும், அழிப்புப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து விழ வேண்டும். இந்த விதியைப் புதிதாகச் சேர்ந்த எங்களுக்கெல்லாம் நீங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவீர்கள்.

"ஏழு வருஷம் வரைக்கும் வெச்சிருக்கறது நம்ம கடமை. அதுக்கு மேல ஒரு நாள் வெச்சிருந்தாலும் அது வம்பு."

ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் மஞ்சள் சீட்டு ஒட்டி, அழிக்க வேண்டிய தேதியை உருண்டை எழுத்தில் எழுதுவீர்கள். மாதத்தின் முதல் வேலைநாள் காலையில், கெடு முடிந்த கோப்புகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, ஒவ்வொரு தாளிலிருந்தும் பின்களைப் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவீர்கள். பின் இருந்தால் காகிதம் கிழிக்கும் எந்திரத்தின் பல் போய்விடும். எந்திரம் பழுதானால் அடுத்த மாதம் வரை அந்த மனிதர்களின் பெயர்கள் இங்கே கிடக்கும். அதை உங்களால் தாங்க முடியாது. எங்களில் ஒருவர் ஒருமுறை கிண்டல் செய்தார்.

"அக்கா, உங்க கல்யாண நாள் மறந்தாலும் மறக்கும், இவங்க கெடு மறக்காது போல."

"கல்யாண நாளை ஞாபகப்படுத்த வீட்டுல ஒரு மனுஷன் இருக்காரு. இவங்களுக்கு யாரு இருக்கா, சொல்லு" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் பின் பிடுங்குவதை நிறுத்தவில்லை.

அழிப்புப் பதிவேட்டின் இரண்டாவது கையெழுத்து மேலாளருடையது. அவர் அறை மாடியில். நீங்கள் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு படியேறும்போது தள்ளுவண்டியை எங்கள் பிரிவின் வாசலில் நிறுத்திவிட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிப் போவீர்கள். போய்வரப் பத்து நிமிடம் ஆகும்.

அக்கா, அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருவர் பெயர்களை வாசித்தார். ஒருவர் எழுதினார். ஒருவர் படிக்கட்டின் பக்கம் காது வைத்திருந்தார்.

பதினோரு ஆண்டுகளாக இது நடந்தது. அதன் தொடக்கம் இது: கெடு முடிந்து கோப்பு அழிந்தபின் பழைய ஆள் ஒருவர் மறுபடி கடன் வாங்கி மறுபடி நொடித்தார். தணிக்கையில் எங்களைத் திட்டினார்கள். அன்றைக்கு எங்கள் பிரிவில் மூத்தவர், "இனிமே பேரை மட்டும் ஒரு நோட்டுல குறிச்சு வெப்போம். பேருதானே, கோப்பு இல்லையே" என்றார். அந்தச் சமாதானம் எங்கள் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. நீல அட்டை போட்ட நோட்டு, மூன்றாவது மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. மொத்தம் இருநூற்று ஆறு பெயர்கள். அவர்களில் பத்தொன்பது பேர் திரும்பக் கடன் கேட்டு வந்தார்கள். பத்தொன்பது பேரையும் "உள் தகவலின்படி தகுதியில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். பதினெட்டுப் பேர் ஒன்றும் கேட்காமல் போனார்கள். பத்தொன்பதாவது ஆள் ஒரு சலவைக்கடைக்காரர்.

அவர் தமக்காக வரவில்லை. மகள் ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கக் கடன் கேட்டாள். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் திவாலிலிருந்து விடுதலை பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கோப்பை நீங்கள் அழித்து மூன்று ஆண்டுகள். நோட்டில் பெயர் இருந்தது. நாங்கள் வழக்கமான வரியை எழுதினோம்.

அவர் அந்தத் தாளோடு நேராக ஆவண அறைக்கு வந்து, "உள் தகவல்னு போட்டிருக்கீங்க. அது என்னன்னு எனக்குக் காட்டுங்கம்மா" என்றார். நீங்கள் அவருக்கு நாற்காலி போட்டீர்கள். பதிவேட்டைத் தேடியெடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தீர்கள்.

"உங்க பேர்ல இங்க ஒரு காகிதம்கூட இல்லைங்க. நானே அழிச்சேன். இதோ என் கையெழுத்து."

"இல்லைன்னா இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? கையெழுத்துப் போட்டுட்டுப் பத்திரமா வெச்சிருக்கீங்களா? பொய் சொல்றதுக்குச் சம்பளமா உங்களுக்கு?"

அவர் குரல் எங்கள் பிரிவு வரை கேட்டது. நாங்கள் பதினான்கு பேரும் இருக்கையில் இருந்தோம். எவரும் எழவில்லை. எங்களில் ஒருவர் அப்போது கணினித் திரையில் ஒன்றுமில்லாத பக்கத்தைக் கீழே கீழே உருட்டிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்.

புகார் தலைமை அலுவலகத்துக்குப் போனது. விசாரணைக்கு இருவர் வந்தார்கள். கடன் பிரிவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, "பழைய கோப்பு எங்கயாவது மிச்சம் இருந்திருக்கும்" என்று எங்கள் பிரிவிலிருந்தே பதில் போனது. அது பொய் என்று பதினான்கு பேருக்கும் தெரியும். உங்களைக் கேட்டபோது நீங்கள், "நான் அழிச்சது சத்தியம். அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிங்க சொல்றது" என்று மட்டும் சொன்னீர்கள். அழிக்காததை அழித்ததாகக் கையெழுத்திட்டார் என்று உங்கள் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. ஓர் ஊதிய உயர்வு நின்றது. அதனால் இன்று முதல் நீங்கள் பெறப்போகும் ஓய்வூதியமும் குறைந்துவிட்டது.

கண்டனம்கூட ஒரு தாளில் முடிந்துபோனது. அதன் பிறகு நீங்கள் செய்ததைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை. மூன்று வாரம், சாப்பாட்டு இடைவேளைதோறும், ஒவ்வோர் அலமாரியாக இறக்கி, அந்த ஒரு கோப்பின் மிச்சத்தைத் தேடினீர்கள். ரவிக்கைக் கையில் ஒட்டடையோடு வந்து உட்காருவீர்கள். ஒரு மதியம் எங்களிடமே கேட்டீர்கள்.

"நானே எங்கயாவது ஒரு தாளை விட்டுட்டேனோ? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

"விடுங்கக்கா. நடந்தது நடந்துபோச்சு" என்றோம்.

நோட்டு இருந்த இழுப்பறை அப்போது உங்கள் முழங்காலில் இருந்து இரண்டடி தள்ளி இருந்தது. நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து மறுபடி தேடப் போனீர்கள். இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த இரண்டு ஆண்டுகளும் எங்கள் பிறந்தநாள்களுக்கு நீங்கள்தான் கேக் வாங்கி வந்தீர்கள்.

போன மாதம் இந்த மடலை எழுதத் தொடங்கினோம். முதல் வரைவில் "அப்பழுக்கற்ற முப்பத்தொரு ஆண்டுப் பணி" என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்ததும் எங்களில் மூத்தவர், நோட்டைத் தொடங்கியவரே, "அப்பழுக்கற்றன்னு நாம எழுதுறோம். அவங்க பதிவேட்டுல அழுக்கைப் பூசினது யாரு?" என்று கேட்டார். பிறகு ஒருவர் எழுந்து இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். அதுவரை மடியில் மறைத்தே எழுதிய அதன் அட்டையை அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தோம்.

முதலில் சலவைக்கடைக்குப் போனோம். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நாங்கள் சொல்வதைக் கடைசி வரை கேட்டார். மகளுக்கு அந்த ஆண்டு இடம் போனது, இப்போது வேறு ஏதோ படிக்கிறாள், அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இதை விழாவில் வெளிப்படையாகச் சொல்லலாமா என்று கேட்டோம், ஏனென்றால் அது அவருடைய கதை, மறக்கப்பட வேண்டும் என்று விதியே சொன்ன கதை.

"சொல்லுங்க. எம் பொண்ணு பேரை மட்டும் இழுக்காதீங்க" என்றார். இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அந்தம்மாவைப் பொய்க்காரின்னு நாலு பேர் முன்னாடி சொன்னவன் நான். நானும் வரேன். ஆனா உங்ககூட உக்கார மாட்டேன்" என்றார்.

பிறகு நடந்ததை எழுதி, பதினான்கு பேரும் கையெழுத்திட்டு, நோட்டோடு மேலாளரிடம் கொடுத்தோம். "இது மேல போனா உங்க எல்லார் பதிவேட்டுலயும் கண்டனம் ஏறும், யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?" என்று அவர் கேட்டார். யோசிக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. உங்கள் மீதான கண்டனத்தை நீக்க வேண்டும், நின்ற ஊதிய உயர்வைத் திருப்பித் தர வேண்டும், திருப்பி அனுப்பிய பத்தொன்பது பேருக்கும் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும், விசாரணை முடிந்ததும் அந்த நோட்டை முறைப்படி அழிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். தலைமை அலுவலகத்தின் பதில் இன்னும் வரவில்லை. ஆகவே இந்த மேடையில் நீங்கள் அமர்ந்திருக்கும் இந்த நேரத்திலும் அந்த வரி உங்கள் பெயருக்குக் கீழே இருக்கிறது. அதை அழிக்காமல் உங்களை வழியனுப்புகிறோம். எங்களுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு இல்லை.

அக்கா, ஆவண அறையில் நீங்கள் எந்தத் தாளையும் தவறவிடவில்லை. இனிமேல் ஒரு நாளும் அப்படி நினைக்காதீர்கள். இதை அந்த மதியமே சொல்லியிருக்க வேண்டும்.

மன்னிப்பை இந்த மேடையில் கேட்க மாட்டோம். இத்தனை பேர் பார்க்கக் கேட்டால், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றிவிடும். இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிறோம். வீட்டுச் சுவரில் மாட்டுவதும் பரணில் போடுவதும் உங்கள் விருப்பம். உடல் நலமும் மன நிம்மதியும் குறையாமல் நெடுங்காலம் வாழுங்கள். காலையில் அவசரமில்லாமல் எழுங்கள். மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து, முழுதாக, ஒட்டடை படாத கையால் சாப்பிடுங்கள்.

இப்போது கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறச் சட்டையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். நாங்கள் மேடையை விட்டு இறங்குகிறோம்.

இப்படிக்கு,
கடன் பிரிவு ஊழியர்கள் பதினான்கு பேர்
(நோட்டில் அதிகப் பெயர்களை எழுதியவரின் கையெழுத்து முதலிலும், மற்றவை அந்த வரிசையிலும் இடப்பட்டுள்ளன. எழுதாமல் வேடிக்கை பார்த்தவர் எங்களில் எவரும் இல்லை.)