உடனிருந்தோர் இருவர்

– எழுதுங்க சிஸ்டர். உடனிருந்தோர் இருவர். ஒருவர், ஜன்னலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில், தெருவுக்கு முதுகைக் காட்டியபடி. மற்றவர், மேசைக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பிடி இல்லாத நாற்காலியில்.

– சார், ஒவ்வொரு வாரமும் பத்திரிகைக்காரங்க இந்த வரியை வெட்டிட்டுத்தான் மிச்சத்தைப் போடறாங்க.

– வெட்டட்டும். நாம எழுதணும். ஆயுசு பூரா ரோடு வேலையில ஓவர்சியரா இருந்தவன் நான். எந்தக் குறிப்பா இருந்தாலும் முதல்ல யார் யார் இருந்தாங்க, எங்க உட்கார்ந்தாங்க. அப்புறம்தான் விஷயம். அதுதான் முறை.

– ரெண்டே பேர் இருக்கிற அறைக்கு இவ்வளவு முறையா! நான் ஒரு வார்டு முழுக்க ஒத்தையாப் பார்த்திருக்கேன். எந்த ஸ்டூல்ல உட்கார்ந்தேன்னு ஒருநாளும் எழுதினதில்ல.

– நர்ஸுங்களை எங்க உட்காரவிட்டாங்க, எழுதறதுக்கு?

– அது வாஸ்தவம்தான். சரி, அடுத்தது?

– பெறுநர், ஆசிரியர் அவர்கள். பொருள்: ஜீப் போல நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை ஊருக்குள் வைத்திருப்போருக்கு இரட்டை வரி, வாசகர் விவாதம். போட்டாச்சா? இப்ப எதிரியைப் படிங்க.

– யாரு, 'நடந்து செல்பவன்' கடிதமா?

– வேற யாரு? எனக்குன்னு இந்த ஊர்ல இருக்கிறது ஒரே ஒரு எதிரி.

– முதல்ல கண்ணை மூடுங்க. பேப்பரையே முறைச்சுப் பார்த்தா நீர் வடியும். ஆபரேஷன் பண்ணின கண்ணு.

– முறைச்சு மட்டும் என்ன தெரியப்போகுது? உங்க முகம் இருக்கிற இடத்துல புகைதான் தெரியுது. படிங்க.

– 'ஐயா, நிற்கிற வண்டி சாலையைத் தேய்ப்பதில்லை, புகையும் விடுவதில்லை, அதற்கு ஏன் இரட்டை வரி என்று போன வாரம் ஓவர்சியர் கேட்டிருந்தார். ஓடுகிற வண்டியாவது நம்மைக் கடந்து போய்விடுகிறது. நிற்கிற வண்டிதான் வழியை அடைக்கிறது. சேற்றிலும் மேட்டிலும் பிழைப்பவர்களுக்கு இந்த வரி வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். பால் வாங்கப் போகிறவருக்கு எதற்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டும்? இவை வீட்டு வாசலில் நிற்பதால் என்னைப் போன்றவர்கள் சொந்தப் படிக்கட்டுக்கே நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போக வேண்டியிருக்கிறது...'

– பாவம். எந்த வீட்டுல இருக்கானோ.

– எல்லாத் தெருவுலயும்தான் நிறுத்தி வச்சிருக்காங்க சார். 'கடைசியாக ஒன்று. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத இருக்கைகள் யாருக்காகக் காத்திருக்கின்றன? அவரையே கேட்கிறேன்.' அவ்வளவுதான்.

– அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை.

– 'பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத இருக்கைகள் யாருக்காகக் காத்திருக்கின்றன?'

– ம்.

– என்ன சார்?

– ஒண்ணுமில்ல. நல்லா எழுதறான்.

– ஏதோ, கோர்வையா வருது.

– ஆனா திமிரு பிடிச்சவன்.

– திமிரா? நியாயத்தைக் கேட்டாத் திமிரா?

– நீங்க எந்தக் கட்சி சிஸ்டர்?

– நான் ஊசி போடற கட்சி. யாருக்கு வலிச்சாலும் ஒரே ஊசிதான். சொல்லுங்க, பேனா காயுது. ரோடு இல்லாத இடத்துக்கு ரோடு போடப் போனவன் நான்னு ஆரம்பிப்பீங்களே, அப்படியே ஆரம்பிக்கலாமா? எடைக்கு வரி போடு, சக்கரத்துக்குப் போடாதேன்னு ஒரு வாதம் பாக்கி வச்சிருந்தீங்க. அதையும் இப்ப எடுத்துவிடலாம்.

– வேண்டாம். இப்படி எழுதுங்க: நடந்து செல்பவர் கேட்பது நியாயமே.

– என்னது?

– நியாயமே. ஏகாரம் போடுங்க. எனவே இவ்விவாதத்திலிருந்து விலகிக்கொள்கிறேன். என் வண்டியை விற்றுவிட முடிவு செய்துள்ளேன்.

– சார்!

– புரோக்கர் பேசி முடிச்சுட்டார். ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போயிடுவாங்க.

– திடீர்னு எப்படி? போன வாரம்வரைக்கும் மேசையைக் குத்திக் குத்திப் பேசினீங்களே.

– இரட்டை வரி அடுத்த மாசம் வருது. கண்ணு இப்படி ஆனப்புறம் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டாங்க. பையனும் போன்ல அதையே சொல்றான். தள்ளிவிடுங்கப்பா, சும்மா துருப்பிடிக்குதுன்னு.

– உங்க பையனா சொன்னார்? அவருக்காகத்தானே வாங்கினீங்க?

– ஆமா. என் வீட்டுக்காரி போனப்போ எல்லாரும் வந்திருந்தாங்க. அவன், மருமக, பிள்ளைங்க, சம்பந்தி வீட்டு ஆளுங்க. ரெண்டு வாடகைக் கார் பிடிச்சுச் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பினோம். அப்ப அவன் சொன்னான், அடுத்த தடவை எல்லாரும் ஒரே வண்டியில உட்கார்ந்து மலைக்குப் போகணும்ப்பா, நீ ரோடு போட்ட இடமெல்லாம் காட்டணும்னு. மண்டையில ஏறிடுச்சு. அவன் ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முன்பணம் கட்டிட்டேன்.

– அப்புறம் வரவே இல்லையா?

– வந்தான். தனியா. வேலை விஷயமா. முன்னாடி சீட்டுல உட்கார்ந்து போன் பேசிக்கிட்டே வந்தான்.

– சார், நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. விக்காதீங்க.

– நீங்களா சொல்றீங்க?

– அவசர ஆபத்துக்கு ஒரு வண்டி வேணாமா? ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலின்னா?

– வண்டி இருக்கும், ஓட்டறது யாரு? நெஞ்சுவலி வந்தவனா?

– மழை வெள்ளம் வந்தா? இதுதான் மேல நிக்கும், தண்ணியில போகும்.

– நீங்க மாடியில இருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு?

– நீங்க கீழதானே இருக்கீங்க!

– நானும் மாடிக்கு வந்துடவேண்டியதுதான்.

– விளையாடாதீங்க. யாரோ முகம் தெரியாதவன் பேப்பர்ல நாலு வரி கிறுக்கினான்னு ஒரு மனுஷன் வண்டியை விப்பாரா? அவன் கிடக்கான், வேலை வெட்டி இல்லாதவன்.

– இப்பத்தான் நியாயம்னீங்க.

– நியாயம்தான். அதுக்காகத் தோத்துப்போகணும்னு யார் சொன்னா? பதில் சொல்லுங்க. சண்டை போடுங்க. அவனும்... அவனும் நீங்க பதில் எழுதுவீங்கன்னுதானே எழுதறான்.

– எழுதறவன் மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்?

– தெரியாது. ஒரு யூகம்தான்.

– எனக்கும் ஒரு யூகம் உண்டு. கண்ணு ஆபரேஷன் முடிஞ்சப்போ சொட்டு மருந்து போட நீங்க தினமும் இறங்கி வந்தீங்க. மருந்து தீர்ந்துது. நீங்க வர்றதும் நின்னுது. வேலை இல்லாம ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் எதுக்குப் போறது? சரிதான். அப்புறம் இந்த வரி விஷயம் பேப்பர்ல வந்துது. ஒரு கடிதம் எழுதித் தரமுடியுமான்னு உங்களைக் கூப்பிட்டேன். எழுதினீங்க. அச்சுலயும் வந்துது. ஆனா ஒரு ஈ காக்கை பதில் போடல.

– ஞாபகம் இருக்கு. முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வாசல்ல நின்னீங்க.

– மேல நாற்காலி நகர்ற சத்தம் கேட்கும். ஒரே நாற்காலி. காலையில மேசைப் பக்கம், சாயங்காலம் ஜன்னல் பக்கம்.

– இருக்கிறதே ஒண்ணுதானே.

– அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுக் கீழே நான். அப்பத்தான் இந்த 'நடந்து செல்பவன்' கிளம்பி வந்தான். அவன் திட்டினான், நான் உங்களைக் கூப்பிட்டேன். மறுபடி திட்டினான், மறுபடி கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இந்த வீட்டுல ஒரு பேச்சுக்குரல். நல்ல எதிரி கிடைக்கிறது கொடுப்பினை சிஸ்டர்.

– அப்ப எதுக்கு சார் முடிச்சுக்கறீங்க?

– அவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உறை பிரிக்காத சீட்டு யாருக்குன்னு கேட்டான். யாருக்கும் இல்ல. அதுதான் உண்மை. அதை எழுதிட்டா விவாதம் முடிஞ்சுது. முறைப்படி முடிக்கணும். எழுதுங்க.

– எனக்கு எழுத மனசு வரல.

– ஊசி போடற கட்சின்னீங்க.

– போடறேன். சொல்லுங்க.

– அந்த இருக்கைகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உரியவர்கள் வரப்போவதில்லை. ஊருக்குள் இவ்வண்டி எனக்குத் தேவையில்லை. வரியை எதிர்த்து நான் எழுதியவை வண்டிக்காக எழுதியவை அல்ல. இப்படிக்கு, ஓவர்சியர், ஓய்வு. போட்டாச்சா?

– போட்டாச்சு.

– கோடு கிழிச்சுட்டு மடிங்க. என்ன, மூக்கை உறிஞ்சறீங்க?

– ஜலதோஷம். ஒண்ணும் ஆகாது.

– நோயாளிகிட்ட சொல்ற மாதிரியே சொல்றீங்க.

– பழக்கம். உங்களுக்கு உடனிருந்தோர் மாதிரி எனக்கு இது. அப்ப... இனிமே வெள்ளிக்கிழமை கடிதம் இல்ல?

– வண்டி இல்லாதவன் வண்டி வரிக்கு என்ன எழுதறது?

– அதானே. விலாசம் எழுதிட்டேன். ஸ்டாம்பு ஒட்டிட்டேன். கவரையும் ஒட்டியாச்சு. போற வழியில பெட்டியில போட்டுடறேன். மாத்திரையை எடுத்து வச்சிருக்கேன், மறக்காதீங்க. வரேன் சார்.

– சிஸ்டர்.

– ம்?

– கவரைப் பிரிங்க.

– ஐயோ, இப்பத்தானே ஒட்டினேன்!

– இழுப்பறையில வேற கவர் இருக்கு. முதல் வரியிலேயே பிழை. உடனிருந்தோர் இருவர்னு எழுதியிருக்கோம். மூவர்னு திருத்துங்க.

– மூணாவது யாரு? பல்லியா?

– போன வாரம் நான் ஒரு வரி சொல்லிட்டு உடனே அடிக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? 'பின் வரிசையில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை'ன்னு. வேண்டாம், ஊர் சிரிக்கும்னு சொன்னேன்.

– அடிச்சேனே சார். சத்தியமா அடிச்சேன். பேப்பர்ல வரலையே.

– வரல. பதில்தான் வந்திருக்கு.

– இழுப்பறையில எந்தப் பக்கம் சார் அந்தக் கவர்?

– அந்த வரியைக் கேட்டவங்க இந்த அறையில இருந்தவங்கதான். உட்காருங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?

– எப்பலேர்ந்து தெரியும்?

– நண்டுலயே ஒரு சந்தேகம். என் வண்டியைத் தாண்டி மாடிப்படிக்குப் பக்கவாட்டுல போறது இந்தத் தெருவுல ஒருத்தர்தான். இன்னிக்குத்தான் ஊர்ஜிதம். எழுதுங்க: மூன்றாமவர், நடந்து செல்பவர்.

– எங்க உட்கார்ந்திருந்தார்னு போடட்டும்?

– மேசைக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே. கைப்பிடி இல்லாத அதே நாற்காலியில்.

– பத்திரிகைக்காரங்க இந்த வரியை வெட்டிடுவாங்க சார்.

– வெட்டட்டும். நாம எழுதணும்.

– எழுதிட்டேன்.

– ஒட்டுங்க. அழுத்தி ஒட்டுங்க. போட்டுட்டு வாங்க, தபால் எடுக்க வர்ற நேரம்.

– போட்டுட்டு வரேன். ஆனா ஒண்ணு சார். இந்தக் கடிதத்துக்கு நடந்து செல்பவன் பேப்பர்ல பதில் எழுத மாட்டான்.

– தெரியும். விவாதம் முடிஞ்சுது.

– முடியல. வண்டியை நீங்க வித்தது சரியில்லைன்னு அவன் சொல்லுவான். என்னோட நாற்காலியையும் கீழ எடுத்துட்டு வரேன், இருங்க. நேர்லயே வந்து சொல்லுவான்.