எழுந்திருக்காத வரைக்கும்

— கையை உள்ள இழுங்க லிப்ட்காரரே. இன்னிக்கு மிளகாய் கிடையாதுன்னா கிடையாதுதான்.

— நாளைக்கு மிளகாய் திங்கற போட்டி, மில்லம்மா. பரீட்சைக்கு முதல் நாள் யாராவது புத்தகத்தைப் பிடுங்கி வைப்பாங்களா?

— முதல்ல தும்மி முடிங்க.

— முடிஞ்சுது. இருங்க... ம். இப்போ முடிஞ்சுது.

— இத்தனை நாளா வர்றீங்க. நாக்கு பழகிடுச்சு, மூக்கு இன்னும் பழகல.

— மூக்குக்கு யாரும் போட்டி வைக்கலையே. அதான் சங்கதி.

— தும்மிட்டுப் போங்க, நான் வேண்டாம்னு சொல்லல. பொடி வாங்க வர்றவங்க வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க, பொட்டலம் கைக்கு வந்ததும் ஓடிடறாங்க. தினமும் உள்ள வந்து இந்த ஸ்டூல்ல உக்கார்ற ஆள் நீங்க ஒருத்தர்தான். நாளையோட அதுவும் முடியுது.

— ஏன், உங்க தங்கச்சி வீட்டுப் பிள்ளைங்க வருவாங்களே?

— வருவாங்க. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டுவாங்க. சின்னவனை ஒரு தடவை ஆசையா கன்னத்தைக் கிள்ளிட்டேன். பிள்ளை துடிச்சுப்போயிட்டான். எவ்வளவு சோப்பு போட்டாலும் இந்தக் கையை விட்டுக் காரம் போறதில்ல. அதை விடுங்க. நேத்து ஊசி மிளகாய் என்னாச்சு?

— முழுசா ஒண்ணு தின்னேன். தண்ணி தொடல.

— விக்கல்?

— வந்துச்சு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுச்சு. முதல் நாள் ஞாபகம் இருக்கா? பச்சை மிளகாய் நுனியை நகத்தளவு கிள்ளிக் கொடுத்தீங்க.

— அதுக்கே ஊரைக் கூட்டினீங்க. எதிர்க்கடைக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமான்னு ஓடி வந்துட்டாரு.

— முட்டை மேல மிளகுத்தூள் தூவினாக்கூடத் தட்டைத் தள்ளி வைக்கற ஆள் நான். அப்போல்லாம் எனக்காக என் வீட்டுக்காரி அடுப்புல மிளகாயே போடமாட்டா. என் பையன் தட்டு முன்னாடி உக்காந்ததும் சொல்வான், இந்த வீட்டுல எல்லாமே உப்பு சப்பில்லாம இருக்குன்னு.

— நானும் உங்களை முதல் நாளே துரத்திடலாம்னுதான் பாத்தேன். ஆனா சொன்ன பேச்சைக் கேட்டீங்க. ஒரு மிளகாய் சுடாம போற வரைக்கும் அடுத்ததுக்குப் போகல. வெறும் வயித்துல தின்னல. உள்ள இருக்கற வெள்ளை நரம்புலதான் காரம்னு சொன்னேன், அதை விட்டுட்டுத் தின்னு ஆரம்பிச்சீங்க, இப்போ அதையும் சேத்துத் திங்கறீங்க. பழகப் பழகப் பாலும் புளிக்கும்னா, மிளகாய் மட்டும் இனிக்காதா?

— இனிக்கல. ஆனா ஒண்ணு சொல்லவா? வீட்டுக்குப் போனப்புறமும் வாய் எரியுது பாருங்க, அது எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஒரு டம்ளர் அரிசி வடிச்சுத் தின்னு, ஒரு தட்டைக் கழுவிக் கவுத்து வச்சேன்னா, அப்புறம் அந்த வீட்டுல பிரிஜ் சத்தம்தான். வாய் எரியற வரைக்கும் யாரோ கூட இருக்கற மாதிரி இருக்கு. எரிச்சல் அடங்கினா அவங்களும் கிளம்பிப் போயிடறாங்க.

— அதுக்காகவா போட்டிக்குப் பேர் கொடுத்தீங்க?

— இல்ல.

— பின்ன எதுக்கு? கேக்கும்போதெல்லாம் மழுப்பறீங்க. இந்தச் சந்தையில போட்டிக்கு வர்றவங்க எல்லாரும் இளந்தாரிங்க. மிளகாய் என் மில்லுல இருந்துதான் போகுது, ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும். இன்னிக்கு நீங்க சொல்லியாகணும். ஒரு காரணமாத்தான் கேக்கறேன்.

— எனக்கு ஜெயிக்கணும்னு இல்ல மில்லம்மா. கடைசிச் சுத்து வரைக்கும் போகணும். அவ்வளவுதான்.

— கடைசிச் சுத்துல என்ன வச்சிருக்கு?

— ஒரு மேசை, ரெண்டு நாற்காலி. எதிரெதிரா. யார் முதல்ல எழுந்திருக்கறாங்களோ அவங்க தோத்தாங்க. அதனால யாரும் எழுந்திருக்க மாட்டாங்க.

— போட்டின்னா அப்படித்தானே.

— உங்களுக்கு அது போட்டி. நான் ஆயுசு பூரா லிப்ட் வேலை பாத்தவன். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சுன்னு கூப்பிடுவாங்க. நான் போய்க் கதவுல காதை வச்சு முதல்ல பேச்சுக் கொடுப்பேன். பேர் என்ன, மூச்சு சரியா வருதா, கூட யார் இருக்காங்கன்னு. ஒரு தடவை ஒரே கட்டடத்துல வருஷக்கணக்கா மூஞ்சி பாக்காத அண்ணன் தம்பி உள்ள மாட்டிக்கிட்டாங்க. கதவைத் திறக்கும்போது ரெண்டு பேரும் தரையில உக்காந்து ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சிட்டிருந்தாங்க. நான் ஒண்ணும் பண்ணல. அவங்களால எழுந்து போக முடியல. அதான் சங்கதி.

— நீங்க யாரோட மாட்டிக்கணும்?

— போன வருஷம் ஜெயிச்சவனோட.

— அந்த பஸ் டிரைவர் தம்பியா?

— ஆமா.

— அவர் உங்களுக்கு என்ன வேணும்?

— என் பையன். ஒரே பையன்.

— ம்.

— ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு கேக்காதீங்க. அவன் என்னை அப்பான்னு கூப்பிடறதில்ல. நான் மட்டும் எப்படிப் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டுத் திரியறது?

— கேக்கல. என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க.

— அவன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாம போச்சு. அவன் அப்போ தூரத்துல வேலைக்குச் சேந்த புதுசு. அவனுக்குச் சொல்லக்கூடாது, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்னு சத்தியம் வாங்கிட்டா. நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு நானும் வாயைக் கட்டிக்கிட்டேன். அவன் வந்து சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. வீட்டைக் கழுவி விட்டிருந்தோம். ஈரத்தரையில செருப்போட நின்னு ஒண்ணுதான் சொன்னான்.

— என்னன்னு?

— எனக்கு அழறதுக்குக்கூட நீங்க எதையும் மிச்சம் வைக்கலைன்னு.

— அவங்க சொன்னதாலதான் சொல்லலைன்னு நீங்க சொல்லலையா?

— செத்தவ மேல பழியைப் போடறதா? சொல்லல. அவன் என்னோட பேச்சை விட்டான். இப்போ இதே ஊர்லதான், நாலு தெரு தள்ளி இருக்கான். அவன் ஓட்டற பஸ்ல ஏறினாக்கூடக் கண்ணாடியில பாப்பான், திரும்பிப்பான். முதல் தடவை அவன் போட்டிக்கு வந்தப்போ நான் கூட்டத்துல ஒளிஞ்சு நின்னு பாத்தேன். கண்ணுல இருந்து தண்ணி ஊத்துது அவனுக்கு. துடைக்கவே இல்ல. சுத்தி நிக்கறவங்க கைதட்டறாங்க.

— காரத்துக்கு எல்லாருக்கும்தான் ஊத்தும்.

— அதைத்தான் சொல்றேன். அந்த மேசையில அழுதா ஏன் அழறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவன் அங்கதான் அழறான். வருஷத்துல ஒரு நாள் அங்க வந்து அழுதுட்டுப் போறான். நானும் எதிர்ல உக்காந்துட்டா ரெண்டு பேருமா அழலாம். பேச வேண்டாம். அவன் எழுந்திருக்காத வரைக்கும் போதும். எழுந்திருக்க மாட்டான், என் பிடிவாதம் அப்படியே அவனுக்கு.

— லிப்ட்காரரே.

— சொல்லியாச்சு. இப்போ பேய் மிளகாய்ல ஒரு துண்டு கொடுங்க. அது ஒண்ணுதான் பாக்கி.

— காலையில அவர் இங்க வந்தாரு.

— யாரு?

— பஸ் டிரைவர் தம்பி. மைக்ல பேர் வாசிக்கறவர், இந்தத் தடவை ஒரு வயசான லிப்ட் மெக்கானிக்கும் பேர் கொடுத்திருக்காருன்னு அவர்கிட்ட வேடிக்கையா சொல்லியிருக்காரு. உடனே போட்டி நடத்தறவங்ககிட்ட போய்த் தன் பேரை எடுத்துட்டு, என்கிட்ட சொல்ல வந்தாரு. எனக்கு மிளகாய் ஒதுக்க வேண்டாம்மா, நான் இந்த வருஷம் உக்காரலன்னாரு.

— என் பேரைக் கேட்டதும் எடுத்துட்டானா?

— ஆமா.

— நல்லாத் தெரியுமா?

— அந்த லிப்ட் மெக்கானிக் எங்கப்பான்னு அவர் வாயாலயே சொன்னாரு. உங்களைத்தான் சொல்றாரான்னு தெரியத்தான் இவ்வளவு நேரம் உங்களைப் பிடுங்கிட்டிருந்தேன்.

— சரி. அப்போ சரி. எழுந்து போக முடியாத மேசைன்னு நினைச்சேன். அவன் உக்காரவே போறதில்ல. நான் ஒரு முட்டாள். கிளம்பறேன் மில்லம்மா. இத்தனை நாளா உங்களுக்கும் தொந்தரவு.

— உக்காருங்க. எப்பவும் இதே அவசரம். நான் இன்னும் முடிக்கல. நாளைக்குத் தாங்க முடியாம எழுந்தா என்ன நடக்கும், தெரியும்ல?

— பால் கொடுப்பாங்க.

— யார் கொடுப்பாங்க?

— ஒருத்தர் குவளையோட பின்னாடியே நிப்பாரு. ஏன், அதெல்லாம் இப்போ எதுக்கு?

— எழுந்தவரைப் பிடிச்சு உக்கார வச்சு, முதுகுல கை வச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வைக்கணும். அப்புறம் மூணு கேள்வி கேக்கணும். பேர் என்ன, வீடு எங்க, கூட்டிட்டுப் போக யார் இருக்கா. தொண்டை வீங்கலைன்னு தெரியறதுக்காக வச்ச சட்டம் அது. மூணுக்கும் தெளிவா பதில் வர்ற வரைக்கும் குவளைக்காரர் அந்த ஆளை விட்டு நகரக்கூடாது. மழை வந்தாலும் நகரக்கூடாது.

— தெரியும்.

— நாளைக்குக் குவளைக்காரர் யாருன்னு தெரியுமா?

— யாரு?

— உங்க பையன்தான். அந்த வேலையைக் கேட்டு வாங்கியிருக்காரு. ஏன் தம்பி, ஜெயிக்கற ஆளு குவளை தூக்கப் போறேங்கறீங்களேன்னு நானும் கேட்டேன். பையை மடியில வச்சுக்கிட்டு, இதே ஸ்டூல்ல உக்காந்து சொன்னாரு.

— என்ன சொன்னான்?

— எங்கப்பா மிளகுத்தூளையே தாங்க மாட்டாரும்மா, எதுக்கு இந்த வம்புல மாட்டினாருன்னு தெரியல, முதல் மிளகாயிலயே எழுந்துடுவாரு, அப்போ நான் பக்கத்துல இருக்கணும்னு சொன்னாரு.

— அப்பான்னா சொன்னான்?

— ரெண்டு தடவை.

— நான் இங்க வர்றது?

— சொல்லல. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். நீங்க ஊசி மிளகாயை முழுசா திங்கற ஆளுன்னு தெரிஞ்சா பாவம் அந்தப் பிள்ளை குவளையைக் கீழ வச்சுடும்.

— முதல் மிளகாய் எது மில்லம்மா?

— நீட்டமா, வெளிர்ப் பச்சையா இருக்குமே, அது. காரமே கிடையாது.

— அது எனக்கு இப்போ வெள்ளரிக்காய் மாதிரி. உறைக்கவே உறைக்காதே. அதைத் தின்னுட்டு எப்படி எழுந்திருக்கறது? இவ்வளவு நாளா எழுந்திருக்காம இருக்கத்தானே பழகினேன்.

— பழகினதையெல்லாம் நாளைக்கு ஒரு நாள் மறந்துடுங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாளைக்கு நீங்க பிள்ளை, அவர் அப்பா.

— கண்ணுல தண்ணி வரணுமே. வரலைன்னா கண்டுபிடிச்சுடுவான். சின்ன வயசுலயே நான் பொய் சொன்னா கண்டுபிடிச்சுடுவான். அந்த மூணாவது கேள்வி இருக்கே, கூட்டிட்டுப் போக யார் இருக்கான்னு. அதை அவன் வாயால கேப்பானா? கேட்டா நான் என்ன சொல்றது? ஒரு மிளகாயாவது கொடுங்க மில்லம்மா, இப்பவே ஒரு தடவை அழுது பாத்துக்கறேன்.

— மிளகாய் எதுக்கு? கண்ணைத் தொடைங்க முதல்ல. என் துண்டு வேண்டாம், அதுல பொடி இருக்கு, உங்க சட்டையிலயே தொடைங்க. இன்னிக்கு நீங்க இன்னும் எதையும் வாயில வைக்கவே இல்லையே.