மஞ்சள் என்று சொன்னேன்

காலை பத்து மணிக்குள் கல் பார்த்து முடித்துவிடுவது என் வழக்கம். அதற்குப் பிறகு வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி, சுவரின் நிறத்தைக் கல்லில் ஏற்றிவிடும்.

சூரத் வராச்சாவில், போபட் சேட்டின் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் வைரத்துக்கு நிறம் பார்த்தேன். ஒரு காலத்தில் நல்ல வைரமெல்லாம் கிருஷ்ணா நதிக்கரையில் எடுத்தவை. பிறகு பிரேசில், அதற்குப் பிறகு ஆப்பிரிக்கா. அங்கிருந்து மஞ்சள் ஓடிய கற்கள் குவிந்தபோதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மதிப்பு வந்தது. கல் உருவாகும்போது நைட்ரஜன் கலந்தால் மஞ்சள், போரான் கலந்தால் நீலம், பூமிக்குள் நசுங்கித் திருகினால் ரோஜா நிறம். நீலத்தையும் ரோஜாவையும் யாரும் சொல்லிவிடுவார்கள். வெள்ளைக்கும் லேசான மஞ்சளுக்கும் இடையே உள்ள நூலளவு வித்தியாசத்தைச் சொல்ல எங்கள் பட்டறையில் என்னைத் தவிர ஆள் இல்லை.

போன ஹோலிக்கு முன்பு என் சட்டைகள் பழுப்பேறத் தொடங்கின. மனைவி சவிதாவைக் கடிந்துகொண்டேன்.

"பால் மாதிரி வெளுத்து வெச்சிருக்கேன். உங்க கண்ணைப் போய்க் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். "கண்புரை. டீ வடிகட்டுற துணி வழியா உலகத்தைப் பாத்துட்டிருக்கீங்க. ஆபரேஷன் பண்ணணும்" என்றார் மருத்துவர்.

தீபாவளி விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. கண் போன நிறக்காரனை எவன் வைத்துக்கொள்வான்?

மருத்துவரைப் பார்த்த ஒன்பதாம் நாள் ஜெராம் பட்டை தீட்டிய ஏழு கற்கள் என் மேஜைக்கு வந்தன. அம்ரேலிப் பக்கத்து ஆள். பதினாறு வருஷமாகச் சாணையில் உட்கார்ந்திருப்பவன். என் சட்டைகள் பழுப்பேறுவதற்கு முன்பு, பட்டை தீட்டாத முரட்டுக் கல்லாக இருந்தபோது அந்த ஏழையும் வெள்ளை என்று குறித்தவன் நான்தான். இப்போது வெள்ளைத் தாளை மடித்து அதில் வைத்துப் பார்த்தேன். ஏழும் மஞ்சள்.

சேட் பக்கத்திலேயே நின்றிருந்தார். "அப்போ இது நீங்க குடுத்த கல்லு இல்லையா?"

"இல்லை" என்றேன்.

என் கண்ணில் கோளாறு என்பது சின்ன வாக்கியம்தான். அதைச் சொல்லவில்லை.

கல்லை மாற்றித் திருடிவிட்டான் என்று ஜெராமை உள்ளறையில் இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். முன்பற்கள் இரண்டு போயின. யாரும் வேலைக்கு வைக்கக் கூடாதென்று அவன் போட்டோ மற்றப் பட்டறைகளுக்கெல்லாம் போனது. மூன்றாம் நாள் அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"ஹர்கோவன்பாய், ஜன்னல்கிட்ட வெச்சு இன்னொரு தடவை பாருங்க. மத்தவங்க என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன். நீங்க சொன்னா நம்புவேன்."

பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். "மஞ்சள்தான் ஜெராம்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். "அப்போ என் கைதான் எங்கயோ பொட்டலத்தை மாத்திடுச்சு போலிருக்கு. எனக்கே தெரியலையே பாய்" என்றான். அடுத்த நாலு நாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தானாம். ஐந்தாம் நாள் தாபி ஆற்றில் உடல் ஒதுங்கியது.

தீபாவளிக்குப் பிறகு ஆபரேஷன் நடந்தது; கறுப்புக் கண்ணாடியோடு பட்டறைக்குப் போனதும் சேட்டுக்குத் தெரிந்துவிட்டது. முத்திரையிட்டு வைத்திருந்த பொட்டலத்தைச் சேட் எடுத்துவந்தார். "புதுக் கண்ணால ஒரு தடவை பாத்துடுங்க. எனக்கும் மனசு ஆறும்."

ஏழும் வெள்ளை. தண்ணீர்த் துளி போல இருந்தன.

"மஞ்சள்" என்றேன்.

அந்த வாரமே ஜெராமின் மனைவி முக்தாபென் வீட்டுக்கு வந்தாள். சவிதா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

"ஊரு ஆயிரம் சொல்லுது, நான் காதுல போட்டுக்கல. நீங்க சொல்லுங்க பாய். அவரு எடுத்தாரா?"

அவள் உடுத்தியிருந்த சேலை சுத்த வெள்ளை. நன்றாகத் தெரிந்தது.

"எடுத்தான்மா."

தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் அவன் படத்திலிருந்த மாலையைக் கழற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

இவ்வளவும் நான் செய்தவை. கொன்றேன் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதல் தடவை நான் கண்டதைத்தான் சொன்னேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதன் பிறகு நிறத்தை மாற்றிச் சொல்லியிருந்தால், இந்தத் தொழிலில் நேர்மை என்று ஒன்று இருப்பதாக யார் நம்புவார்கள்?