சத்திய வாரம்

—ஜோசி, அவங்க வர்றதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்.

—வேணாங்க. இன்னிக்கி ஒரு நாள் உங்க உண்மை எதுவும் இந்த வீட்டுக்குள்ள வேணாம். அந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளுங்க.

—சின்ன விஷயம்தான்.

—புதன்கிழமையும் சின்ன விஷயம்னுதான் ஆரம்பிச்சீங்க. லாயிட் பாவம், கோயில்ல பாட்டு எப்படி இருந்திச்சுன்னு கேட்டார். எல்லாரும் நல்லாயிருந்திச்சுன்னு சொல்லிட்டுத்தான் செருப்பையே மாட்டுறாங்க. நீங்க என்ன சொன்னீங்க?

—ரிஜெக்ட்னு சொன்னேன்.

—கொயர் நடத்துற மனுஷன்கிட்ட.

—பீன்யா ஃபேக்டரியில அத்தனை வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன் நான். அளவு பாக்கற கேஜ் உள்ள போனா பாஸ், போகலேன்னா ரிஜெக்ட். நடுவுல நல்லாயிருந்திச்சுன்னு ஒரு பெட்டி கிடையாது.

—அதிலேர்ந்து அவர் நம்ம கேட்டைத் தாண்டும்போது மொபைலைப் பாத்துக்கிட்டே போறார். நாற்காலி.

—தள்ளிட்டேன்.

—யோகாவுக்குப் போறேன்னப்ப நான் ஒண்ணும் சொல்லலே. இடுப்பு வலி போகும்னு நினைச்சேன். கையைக் காலை நீட்டிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதானே. வாரத்துக்கு ஒரு கொள்கையை யார் உங்களை எடுத்துட்டு வரச் சொன்னது?

—மமதா மேடம்தான். உடம்பு வளையறதெல்லாம் அப்புறமாம். மத்தவங்ககிட்ட எப்படி நடந்துக்கிறோம்னு முதல்ல பாக்கணுமாம்.

—அஹிம்சை வாரத்துல கரப்பான்பூச்சி எல்லாம் குடும்பத்தோட வந்து தங்கிச்சு.

—ஒண்ணைக்கூட நான் கூப்பிடலே.

—திருடாத வாரம் அதைவிட மோசம். என் கிச்சன்ல நின்னுக்கிட்டு, இது யார் வீட்டுக் கிண்ணம், அது யார் வீட்டு டப்பான்னு விசாரணை. பக்கத்து வீட்டு மௌரீன் கிறிஸ்துமஸுக்குக் குல்குல் பலகாரம் கொடுத்துவிட்ட டப்பாவைக் காலியாக் கொண்டுபோய் நீட்டினீங்க. காலி டப்பாவை யாராச்சும் திருப்பித் தருவாங்களா? ஏதாச்சும் செஞ்சு போட்டுத் தரலாம்னுதானே வெச்சிருந்தேன்.

—எந்தக் கிறிஸ்துமஸ்னு மௌரீனுக்கே ஞாபகம் இல்லே.

—தேவைக்கு மேல வெச்சுக்காத வாரம் என் பெரிய குக்கர் போச்சு.

—பிரம்மச்சரிய வாரத்துல உனக்குத் தொந்தரவு இல்லையே.

—அப்படி ஒரு வாரம் நடந்துச்சா?

—நடந்துச்சு.

—பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு பத்துக் கட்டளையிலயும் இருக்கு. சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினதுதானே. எப்பவாச்சும் அதை இப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தீங்களா?

—அதுக்கு யாரும் வாரம் குறிச்சுக் கொடுக்கலே. மமதா மேடம் சத்தியத்தைக் கடைசியில வெச்சதே அதனாலதான். மத்ததெல்லாம் பழகினப்புறம் எடுத்துக்குங்கன்னாங்க. ஜோசி, நான் சொல்ல வந்தது அவங்களைப் பத்திதான், வர்றவங்களை…

—வர்றவங்களைப் பத்தி நானே சொல்றேன், கேளுங்க. ஜோவிதாவும் அவங்க மகன் ஆண்ட்ரூவும் வர்றாங்க. மௌரீன் மூலமா வந்த சம்பந்தம். இத்தனை வருஷத்துல பையன் வீட்டுலேர்ந்து அவங்களே கேட்டு வர்றது இதான் முதல் தடவை. லவினாவுக்கு முப்பது தாண்டிடுச்சு. நான் சும்மா கத்தலே.

—தெரியும்.

—பொண்ணு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டா?

—கேக்க மாட்டாங்க.

—எல்லாரும் கேப்பாங்க. முன்ன பொண்ணு பாக்க வந்த கம்மனஹள்ளிக்காரங்க கேக்கலையா? கேட்டதோட விடலே. அந்தம்மா தண்ணி குடிக்கப் போற மாதிரி கிச்சனுக்குப் போய், ஃப்ரிட்ஜ் மேல இருந்த மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பேரைப் படிச்சுட்டு வந்தாங்க. வலிப்புக்குப் போடறதுன்னு அன்னிக்கி ராத்திரியே கண்டுபிடிச்சுட்டாங்க. அப்புறம் போனையே எடுக்கலே. நிச்சயத்துக்குத் தைச்ச பிளவுஸ் இன்னும் பீரோவுல இருக்கு.

—அவளுக்குக் கடைசியா வந்து பல வருஷம் ஆச்சு. மாத்திரை போடறா, வேலைக்குப் போறா.

—அதை யார் கேக்குறாங்க? வலிப்புங்கிற வார்த்தை விழுந்தப்புறம் வேற எந்த வார்த்தையும் யார் காதுலயும் விழறதில்லே.

—மாத்திரை இப்ப எங்க இருக்கு?

—எங்க வைப்பேன்? அரிசி டின்னுக்குள்ள. அப்போலேர்ந்து யாராச்சும் பொண்ணு பாக்க வந்தா அங்கதானே போகுது.

—லவினா ஒண்ணும் சொல்லலையா?

—காலையில அரிசிக்குள்ள கையை விட்டா. மாத்திரையை எடுத்துப் போட்டுக்கிட்டா. கையைத் தட்டிட்டு பார்லருக்குப் போயிட்டா. பேசலே.

—…

—நீங்க ஏன் பேசாம இருக்கீங்க?

—உண்மை பேசக் கூடாதுன்னே. வேற ஒண்ணும் தோணலே.

—இன்னிக்கி மட்டும் சத்தியத்தை விட்டுட்டு மறுபடியும் அஹிம்சையை எடுத்துக்குங்க. யார் மனசும் நோகாமப் பேசணும், அவ்வளவுதான். அதுவும் உங்க மேடம் சொன்னதுதானே.

—ரெண்டும் முட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு அவங்ககிட்ட கேட்டேன்.

—என்ன சொன்னாங்க?

—சொல்ற விதத்தை மாத்திக்கலாம், விஷயத்தை மாத்தக் கூடாதுன்னாங்க. கன்னடத்துல சொன்னாங்க. இன்னும் நல்லாயிருந்திச்சு.

—அவங்களுக்குக் கட்டிக்கொடுக்கப் பொண்ணு இருக்கா?

—இல்லே.

—அதான். அப்ப ஒண்ணு பண்ணலாம். நீங்க வாயே திறக்காதீங்க. தொண்டை கட்டிக்கிச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்.

—அது பொய்.

—நான்தானே சொல்றேன். எனக்கு யோகா கிடையாது.

—நான் பக்கத்துல உக்காந்து தலையாட்டினா அது என் பொய்.

—ஆட்டாதீங்க. சுவரைப் பாருங்க.

—பொண்ணோட அப்பா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா என்ன நினைப்பாங்க?

—திமிர்னு நினைப்பாங்க. திமிரு பிடிச்ச வீட்டுல பொண்ணு எடுப்பாங்க. என்னங்க, எனக்கு மட்டும் பொய் சொல்ல ஆசையா? அவ ஸ்கூல் யூனிஃபார்மோட கீழ விழுந்தப்பல்லாம் தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான். நாளைக்கி நாம ரெண்டு பேரும் இல்லேன்னா அவ தலைக்கு மடி எங்க இருக்கு? ஒரு மனுஷன் பக்கத்துல இருக்கணும். அதுக்காக எத்தனை பொய்யானாலும் சொல்வேன். ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல மொத்தமாச் சொல்லிக்கிறேன்.

—அந்த மனுஷனுக்கே தெரியலேன்னா, அவ விழும்போது மடியில வெச்சுக்கணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

—அதை அப்ப பாத்துக்கலாம். நீங்க பேக்கரிக்குப் போயிட்டு வாங்க. வெஜ் பப்ஸ், கொஞ்சம் காரா பன். ஜோவிதாவுக்கு ஹனி கேக்.

—ஹனி கேக் வேணாம். அவங்க இனிப்பு தொட மாட்டாங்க. காபியும் சர்க்கரை இல்லாமதான்.

—மௌரீன் சொன்னாளா?

—இல்லே.

—அப்புறம் யார் சொன்னது?

—கேக்கறியா? கேட்டா நான் சொல்லியாகணும்.

—கேக்கறேன்.

—பார்க்ல யோகா பண்றப்ப என் மேட்டுக்குப் பக்கத்து மேட் அவங்களோடது.

—யாரோடது?

—ஜோவிதாவோடது. நான் சேந்த நாள்லேர்ந்து.

—அதை ஏன் எங்கிட்ட சொல்லலே?

—காலையிலேர்ந்து அதைத்தான் சொல்ல வர்றேன். நாற்காலியைத் தள்ளுன்னே.

—அவங்ககிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?

—சத்திய வாரம் ஆரம்பிக்கிற அன்னிக்கி, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஆளுக்கு ஒரு உண்மை சொல்லணும்னு மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க. வீட்டுக்கு வெளிய யாருக்கும் சொல்லாததா இருக்கணும். நான் லவினாகிட்ட கேட்டேன். சொல்லுங்கப்பான்னா. வெளிய ஒருத்தர்கிட்டயாச்சும் நாமளே சொன்னா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்னா.

—சொல்லிட்டீங்க.

—சொல்லிட்டேன்.

—திங்கக்கிழமை.

—ஆமா.

—சம்பந்தம் வந்திருக்குன்னு மௌரீன் எனக்குப் போன் பண்ணினது செவ்வாய்க்கிழமை.

—ஆமா. ஜோவிதா வீட்டுக்குப் போனதும் மௌரீனைக் கூப்பிட்டிருக்காங்க.

—தெரிஞ்சா வர்றாங்க?

—தெரிஞ்சுதான். ஆண்ட்ரூவுக்கும் தெரியும்.

—யாருங்க தெரிஞ்சே வருவாங்க? பையனுக்கு என்ன குறை?

—பையன் பாஸ். நான் பாத்துட்டேன். அவங்கம்மாவை ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விடுவான். அவங்க மேட்டை விரிச்சு உக்கார்ற வரைக்கும் கேட்டாண்டயே நிப்பான்.

—அப்ப எதுக்கு வர்றாங்க? எனக்கு பயமா இருக்கு. சொல்லுங்க.

—அன்னிக்கி அவங்களும் ஒரு உண்மை சொல்லணுமில்லே. அது அவங்களோடது, அதனாலதான் நான் இங்க வாயைத் திறக்கலே. இன்னிக்கிக் காலையில அவங்களே கூப்பிட்டு, நான் வர்றதுக்குள்ள ஜோசஃபின்கிட்ட சொல்லிடுங்க, வந்து உக்காந்தப்புறம் தெரிஞ்சா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னாங்க.

—சொல்லுங்க.

—லவினா போடற மாத்திரையைத்தான் அவங்களும் போடறாங்க, ஜோசி. கல்யாணத்துக்கு முன்னாடியேர்ந்து. வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. அரிசி டின்லதான் வெச்சிருந்தாங்களாம்.